ஆர்னோக் கரை அளியதே

1492-ஆம் ஆண்டு ஏப்ரல் 5-ஆம் நாள் இரவு, புளோரன்ஸ் நகரத்துப் பெருங்கோயிலின் முடிமேல் இடி இறங்கிற்று. புருனெல்லெஸ்கி விண்தொட எடுத்த குவிமாடத்தின் உச்சியில், வெண்பளிங்கால் அமைந்த விளக்குமாடம் பிளந்தது. பிளந்த கற்கள் பெயர்ந்து உருண்டன. உருண்டவை காசுக்குடியாராகிய மெடிசியர் மனை இருந்த திசை நோக்கியே வீழ்ந்தன என்று அந்நகரத்தார் எழுதி வைத்தனர். நகர்ப்புறத்துக் காரெஜ்ஜி மாளிகையில் நோய்ப்படுக்கையிற் கிடந்த அக்குடித் தலைவன் லொரென்சோ, கல் வீழ்ந்த திசையைக் கேட்டறிந்து, தன் முடிவு அணுகிற்று என்றான் என்பர். மூன்று நாள் கழிந்தது. ஏப்ரல் 8-ஆம் நாள் அவன் மாண்டான். அகவை 43.

அளியதே ஆர்னோ ஆற்றின் கரை! பொன்னை எண்ணிய மனையும் பொன்னை இறைத்த மனையும் ஒன்றாய் இருந்த காலம் அன்றோடு சாய்ந்தது. பேரேடு புரட்டிய கையே பிளேட்டோவின் சுவடியைப் புரட்டியதும், அரசர்தம் தூதர் காத்து நின்ற முற்றத்திலேயே ஓவியரும் பாவலரும் தம் வீடுபோல் உலவியதும், முந்தி வந்தவர்க்கே முதலிருக்கை என்னும் முறையால் கல்கொத்தும் இளைஞனாகிய மைக்கலாஞ்சலோ மனைத்தலைவனின் மக்களுக்கும் மேலே அமர்ந்து உண்டதும், இனிச் சொல்லக் கேட்கும் கதைகளாய் ஒடுங்கின.

அவனுக்காகக் கையற்று அழுதவன் பொலிசியானோ. அம்மனையில் உண்டு, அம்மனைப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்து, அம்மனைச் சுவடிகளுக்கிடையே கிரேக்கமும் இலத்தீனும் ஆய்ந்து வாழ்ந்த பாவலன் அவன். 1478-இல் பெருங்கோயிலுள் கொலைவாள் சுழன்ற நாளில், கழுத்திற் காயமுற்ற லொரென்சோவைப் பூசைப்பொருள் அறைக்குள் சேர்த்து வெண்கலக் கதவைச் சாத்தியவருள் அவனும் ஒருவன். அன்று கதவை அடைத்து உயிரைக் காத்தவன், 14 ஆண்டு கழிந்தபின், காக்கும் உயிர் இன்றிப் பாட்டு ஒன்றே கைக்கொண்டு நின்றான். அப்பாட்டுக்கு இசை அமைத்தவன் ஹைன்ரிக் ஈசாக், வடபுலத்து ஃபிளாண்டர்சிலிருந்து இம்மனையின் கொடைநிழல் தேடி வந்த இசைவாணன். நான்கு குரலுக்கு அமைந்த இசை அது. லொரென்சோவின் பெயரைத் தன் பெயரிற் சுமந்த லாரல் மரம் இடியேறுண்டு வீழ்ந்ததைப் பாடும் இடத்தில், நான்கனுள் ஒரு குரல் அவிந்துபோகிறது. அக்குரலின் நிரலில், லாரல் பேசவில்லை என்று இசையேடே குறித்து வைத்திருக்கிறது. எஞ்சிய குரல்களுள் அடிக்குரல் ஒன்று, இளைப்பாறுதலை வேண்டும் ஒரே தொடரை மீளமீளப் பாடுகிறது. பாடுந்தோறும் ஒரு படி தாழ்கிறது. தாழ்ந்து தாழ்ந்து நிலத்துள் இறங்குகிறது. அந்த ஒழிந்த குரலின் இடம் இன்று பாடுவோர்க்கும் வெற்றிடமாகவே இருக்கிறது.

ஒரு செல்வன் இறந்ததற்கு இத்துணைப் புலம்பலா என்பார் உளர். அவர்க்கு விடை சொல்ல, லொரென்சோவின் பூட்டன் காலத்துக்குப் போதல் வேண்டும்.

1252-இல் அந்நகர் அடித்த ஃபுளோரின் பொற்காசின் ஒரு முகத்தில் லில்லி மலர். மறு முகத்தில் திருமுழுக்கு யோவான். எடை ஏறத்தாழ மூன்றரை கிராம் மாசறு பொன். மாற்றுக் குறையாத அக்காசை ஐரோப்பா முழுதும் நம்பி வாங்கிற்று. புதுச்சந்தைத் தெருவில் பச்சைத் துணி விரித்த மேசைகளின் பின்னே காசுக்காரர் அமர்ந்திருந்தனர். அவர் முன்னே பேரேடு, பக்கத்தே காசுப்பை, தலைக்கு மேலே நரகம். ஏனெனில் வட்டி வாங்குவோன் மீட்பு இழந்தான் என்பது அன்றைய திருச்சபையின் தீர்ப்பு. ஆகவே வட்டி என்னும் சொல் ஏட்டில் ஏறவில்லை. அது மாற்றுச்சீட்டாய் வேடம் பூண்டு, புளோரன்சிற் கொடுத்த காசு புரூஜிலும் லண்டனிலும் வேற்றுநாட்டு நாணயமாய் மாறி மீண்டபோது, இரு நாணய விலைகளின் இடைவெளியில் ஒளிந்து வந்தது. வைப்பு வைத்தவர்க்குத் தந்த ஊதியமும், முதலாளி தானே விரும்பித் தரும் பரிசு என்றே பெயர் பெற்றது. பெயரை மாற்றலாம், நெஞ்சை மாற்றலாமோ? தன் பொன்னைத் தானே அஞ்சிய செல்வர் காலம் அது. அவ்வச்சமே கோயிலாயிற்று, சுவரோவியமாயிற்று, சுவடிச்சாலையாயிற்று. அழகின்மேல் அவர் கொண்ட காதல் பொய்யன்று. ஆனால் அக்காதலின் வேரில் ஈரமாய் நின்றது அச்சம் என்பதே என் துணிபு. அளியதே அக்காலம்! செல்வம் பெருகியதற்காக அன்று, பெருகியதற்கு நாணியதற்காக.

அவர்க்கு முன்னும் செல்வர் இருந்தனர், வீழ்ந்தனர். இங்கிலாந்து மன்னன் மூன்றாம் எட்வர்டுக்குப் போர்க்கடன் கொடுத்த பெருட்சி குடியார் 1343-இலும், பார்டி குடியார் 1346-இலும் நொடித்தனர். சாந்தா குரோசே கோயிலில் அவ்விரு குடியும் அமைத்த சிற்றாலயங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. இரண்டின் சுவரிலும் ஜோட்டோவின் வண்ணம் மங்கி நிற்கிறது. கடன் கொடுத்தவரும் இல்லை, கொண்டவனும் இல்லை.

அந்த அழிவை அறிந்த நகரில், 1397-இல், லொரென்சோவின் பூட்டன் ஜியோவானி தி பிச்சி மெடிசி தன் காசுக்கடையைத் திறந்தான். அடக்கமாய் நடந்தான், போப்பரசரின் கருவூலத்துக்குக் கணக்குப் பார்த்தான், ரோமாபுரிக் கிளையின் ஊதியம் மற்றெல்லாக் கிளையையும் விஞ்சியது. சான் லொரென்சோ கோயிலின் பழைய பூசைப்பொருள் அறையைப் புருனெல்லெஸ்கியைக் கொண்டு எடுப்பித்தவன் அவனே. 1429-இல் இறந்து, அவ்வறையின் நடுவே, பூசையாடை பரப்பும் பளிங்கு மேசையின் கீழ்த் தன் மனைவியோடு துயில்கின்றான். வாழ்நாள் முழுதும் மேசையின் முன்னே இருந்தவன், மேசையின் அடியிலே கிடக்கின்றான்.

அவன் மகன் கோசிமோ, லொரென்சோவின் பாட்டன். 1433-இல் சிறையுண்டு நாடு கடந்தான். 1434-இல் நகரோர் அழைக்க மீண்டான். 30 ஆண்டு, பட்டம் ஏதும் சூடாது, நகரைத் தன் விரலசைவில் வைத்திருந்தான். தன் பொருளுள் நேர்மையில் வராத பங்கு நெஞ்சை உறுத்த, போப்பரசர் நான்காம் யூஜினிடம் கழுவாய் கேட்டான் என்றும், சான் மார்கோ மடத்துக்கு 10,000 ஃபுளோரின் செலவிடுக என்று அவர் பணித்தார் என்றும், சுவடி வணிகன் வெஸ்பாசியானோ எழுதினான். அதனினும் பன்மடங்கு செலவிட்டான் கோசிமோ. மிக்கெலோட்சோ மடத்தைப் புதுக்கினான். ஃபிரா ஆஞ்சலிகோ துறவோர் அறைதோறும் சுவரில் ஒரு காட்சி எழுதினான். ஒருவர் படுத்து எழுந்து மண்டியிடும் அளவே இடம். ஒரு சிறு சாளரம். சாளரத்தின் அருகே, ஈரச்சுண்ணத்தில் இழைத்த ஒளி. அவற்றுள் ஈரறை கோசிமோவுக்கு. அங்கே சுவரில் எழுதியிருப்பது கீழ்த்திசை ஞானியர் மூவர் பொன்னும் நறும்புகையும் ஏந்திக் குழந்தைமுன் பணியும் காட்சி. கொண்டு வந்த பொன்னைக் கீழே வைத்து வெறுங்கையராய்க் குனிந்த செல்வரை நோக்கியபடி, அந்நகரின் தலையாய செல்வன் தனித்திருந்து வழிபட்டான்.

ஃபியசோலே மடத்துக்குச் சுவடிச்சாலை வேண்டும் என்றான். வெஸ்பாசியானோ 45 எழுத்தரை அமர்த்தி 22 திங்களில் 200 நூல் எழுதுவித்துக் கொடுத்தான். பிளேட்டோவை இலத்தீனில் அறிய விழைந்தான் கோசிமோ. மருத்துவன் மகனாகிய ஃபிச்சினோவுக்குக் காரெஜ்ஜி அருகே மனையும் நிலமும் தந்து, மொழிபெயர்ப்பை அவன் கையில் வைத்தான். இறக்குங்காலத்து அம்மொழிபெயர்ப்பைப் படிக்கக் கேட்டபடி 1464-இல் கண்மூடினான். சிற்பி டொனாடெல்லோவின் கிழிந்த உடை கண்டு இளஞ்சிவப்பு மேலாடை ஒன்று அளித்தான். ஓரிரு நாள் உடுத்த சிற்பி, தனக்கு இது மிகை என்று மடித்து வைத்துவிட்டான். கொடுத்தவன் வெகுளவில்லை, கொண்டவன் குழையவில்லை. 1466-இல் டொனாடெல்லோவும் இறந்தபோது, சான் லொரென்சோவில் கோசிமோவின் அருகே புதைத்தனர். புரவலனும் கலைஞனும் மண்ணுக்குள்ளும் அண்டை வீட்டாராய்க் கிடக்கும் அக்கோயிலினும் சிறந்த சான்று அக்காலத்துக்கு இல்லை.

புகழை மட்டும் பாடிப் பழியை விழுங்குவது இரங்கற்பாவும் ஆகாது. கோசிமோ மீண்ட 1434-இல், நகரை விட்டு நீங்கியவன் பல்லா ஸ்த்ரோட்சி, அந்நகரின் பெருஞ்செல்வன், கிரேக்கம் கற்றவன், ஜென்டிலே தா ஃபாப்ரியானோ 1423-இல் பொன்னொளி சொரிய எழுதிய ஞானியர் வருகையை எழுதுவித்தவன். கோசிமோவின் கட்சியார் அவனைத் துரத்தினர். பதுவா நகரில் கிரேக்கச் சுவடிகளோடு 28 ஆண்டு காத்திருந்து, தாய்நகர் காணாமலே 1462-இல் இறந்தான். அளியன் அவன்! ஒரு புரவலன் வாழ மற்றொரு புரவலன் வேரறுபட்டான். கோசிமோவும் அறியாதவன் அல்லன். 50 ஆண்டு கழியுமுன் தன் குடியும் துரத்தப்படும், கட்டடங்களே எஞ்சும் என்று அவன் கூறியதாக வெஸ்பாசியானோ குறித்தான். 50 ஆண்டு பொறுக்கவில்லை. 30 ஆண்டே பொறுத்தது.

பேரேடு ஒருபுறம் அரிக்கப்பட்டு வந்தது. கோசிமோவும் அவன் தந்தையும் ஒவ்வொரு கிளையையும் தனித்தனிப் பங்குக் கூட்டாக அமைத்திருந்தனர். ஒன்று வீழின் மற்றது வீழாது. கிளை முகவர் அரசர்க்குக் கடன் கொடாதிருக்கக் கோசிமோ கண்காணித்தான். லொரென்சோவோ பாட்டு அறிந்தவன், அரசியல் அறிந்தவன், கணக்கு அறியாதவன். தலைமை மேலாளன் ஃபிரான்செஸ்கோ சசெட்டி முகவரை அவரவர் போக்கில் விட்டான். லண்டன் கிளையின் பொன் நான்காம் எட்வர்டின் கையிற் சிக்கியது. புரூஜ் கிளையின் பொன்னைத் தொம்மாசோ போர்ட்டினாரி பர்கண்டிக் கோமகன் சார்லசுக்கு அள்ளிக் கொடுத்தான். 1477-இல் நான்சிப் போர்க்களத்துப் பனியில் அக்கோமகன் பிணமானான். ஆயினும் அந்த முகவர் கையும் ஓவியர் கைக்கே பொன் கொடுத்தது என்பதை மறைப்பானேன்? புரூஜில் முன்னிருந்த மேலாளன் ஆஞ்செலோ தானி, இறுதித் தீர்ப்பை மெம்லிங்கைக் கொண்டு எழுதுவித்தான். அதில் வானதூதர் மிக்கேல் ஏந்திய தராசுத் தட்டில், கைகூப்பி மண்டியிட்டு நிறைகாணப்படும் உயிரின் முகம் போர்ட்டினாரியின் முகம் என்பர். காசு நிறுத்தவன் தான் நிறுக்கப்பட்டான். அவ்வோவியத்தைத் தாயகம் கொணர்ந்த மரக்கலத்தை 1473-இல் டான்சிக் நகரத்துக் கடற்சூறையாளன் பவுல் பெனெக்கே மடக்கினான். புளோரன்ஸ் கோயிலுக்கென எழுந்த ஓவியம் இன்றும் பால்டிக் கடற்கரையில், கதான்ஸ்க் எனப்படும் அந்த டான்சிக் நகரிலே நிற்கிறது.

போர்ட்டினாரி தானும் ஒன்று எழுதுவித்தான். ஹ்யூகோ வான் டெர் கோஸ் எழுதிய அம்முப்பலகை 1483-இல் புளோரன்ஸ் சேர்ந்தது. சாந்தா மரியா நுவோவா மருத்துவமனைக் கோயிலில் நிறுத்தினர். குழந்தை வெறுந்தரையில் கிடக்கிறது. காய்த்த கையும் பல்விழுந்த வாயுமாய் இடையர் வியந்து நிற்கின்றனர். முன்னே ஒரு கோதுமைக் கட்டும், மருந்துச் சாடியில் மலர்களும், கண்ணாடிக் குவளையில் நீல மலர்களும். அந்நகர ஓவியர் கூடி நின்று கண்டு, அவ்விடையரின் முகத்தைத் தம் தூரிகைக்குக் கொண்டு போயினர். 1501-இல், பொருளெல்லாம் இழந்த போர்ட்டினாரி, தன் முன்னோன் நிறுவிய அதே மருத்துவமனையில் உயிர் நீத்தான். அவன் கிடந்த மருத்துவமனைக் கோயிலில் அவனது படம் இருந்தது. அவனிடத்தில் ஒன்றும் இல்லை.

சசெட்டியின் சிற்றாலயம் சாந்தா திரினிதா கோயிலில் உளது. படிப்பவர் அதன்முன் சற்றே நிற்பாராக. மேற்சுவரில், 1485-ஐ ஒட்டி, கிர்லாந்தாயோ எழுதினான்: போப்பரசர் முன்னே புனித பிரான்சிசு மண்டியிடும் காட்சி. நிகழ்ந்தது ரோமாபுரியில், எழுதிக் காட்டியது புளோரன்ஸ் நகர்மன்ற வெளியில் நிகழ்வதாக. வலப்புறம் லொரென்சோ நிற்கின்றான், அழகிலாத் தட்டை மூக்கும் கருங்கூந்தலுமாய். அருகே சசெட்டி, நரைத்த தலையினன். ஆண்டானும் மேலாளும் ஒருங்கே. அவர்தம் காலடியில், தரை பிளந்தாற்போல ஒரு படிக்கட்டு. அதில் கீழிருந்து ஏறி வருகின்றான் பொலிசியானோ, தன் மாணாக்கராகிய லொரென்சோவின் மக்கள் மூவரோடும். சிறுவர் மேனோக்கி வருகின்றனர். தந்தை கையை நீட்டி வரவேற்கின்றான். மூத்தவன் பியேரோ நகரை இழந்து, 1503-இல் கரிலியானோ ஆற்றில் மூழ்கி இறப்பான். இடையவன் ஜியோவானி, பத்தாம் லியோ என்னும் போப்பரசனாகிப் பொன்னைத் தண்ணீராய் ஓட்டித் திருச்சபையைக் கடனில் நிறுத்தி மறைவான். இளையவன் ஜூலியானோ கோமகன் பட்டம் சூடி இளமையிலே சாவான். வரவேற்கும் தந்தைக்கு ஏழாண்டும், வழிகாட்டி வரும் ஆசிரியனுக்கு ஒன்பதாண்டும், ஓவியத்துக்குக் கூலி கொடுத்தவனுக்கு ஐந்தாண்டுமே எஞ்சியிருந்தன. சாயம் உலராத அவ்வேளையிலே லியோன் கிளையும் இற்றுக்கொண்டிருந்தது. அளியர் அச்சிறுவர்! ஐந்நூறு ஆண்டும் மேலும் அப்படிக்கட்டில் ஏறிக்கொண்டே இருக்கின்றனர். தந்தையின் கையை இன்னும் எட்டவில்லை.

குருதியும் அக்கணக்கில் ஏறியது. 1472-இல் படிகாரச் சுரங்கத்தின் பொருட்டு எழுந்த பூசலில் வொல்தெர்ரா ஊர் சூறையாடப்பட்டது. படை அனுப்பியவருள் முதல்வன் லொரென்சோ. 1478 ஏப்ரல் 26-ஆம் நாள், போட்டிக் காசுக்குடியாராகிய பாட்சியார், போப்பரசர் நான்காம் சிக்ஸ்தசின் சார்பினரோடு கூடி, பூசை நடுவே வாள் உருவினர். லொரென்சோ தப்பினான். தம்பி ஜூலியானோ 19 காயம் பட்டுக் கோயில் தரையில் வீழ்ந்தான். பழிக்குப் பழியாகப் பேராயரையும் நகர்மன்றச் சாளரத்தில் தூக்கிலிட்டனர். பாட்சிக் கிழவனின் பிணத்தைத் தோண்டி எடுத்துத் தெருவில் இழுத்து ஆர்னோவில் எறிந்தனர். தூக்குண்டோர் உருவை மன்றச் சுவரில் எழுதும் பணி போட்டிச்செல்லிக்கு. கூலி 40 ஃபுளோரின். தென்றலையும் மலரையும் எழுதிய தூரிகை தொங்கும் பிணங்களை எழுதிற்று. புரவலன் உணவை உண்டவன் புரவலன் பகையையும் உண்ண வேண்டியிருந்தது.

பின் வந்தது 1494. அவ்வாண்டை எழுதக் கை நடுங்கும். செப்டம்பரில் பொலிசியானோ இறந்தான், அகவை 40. பிரான்சு மன்னன் எட்டாம் சார்லஸ் பெரும்படையோடு இறங்கி வர, மூத்தவன் பியேரோ அஞ்சிக் கோட்டைகளைக் கையளித்தான். நகர் கொதித்தெழ, நவம்பர் 9-ஆம் நாள் ஓடினான். கும்பல் மனைக்குள் புகுந்தது. ஏறத்தாழ நூறாண்டு ஓடிய காசுக்கடை அன்றோடு ஒழிந்தது. நவம்பர் 17-ஆம் நாள் சார்லஸ் நகருக்குள் நுழைந்தான். அதே நாள், எல்லா மறைகளின் உண்மையும் ஒன்றே என ஆய்ந்த பிகோ, 31 அகவையில் உயிர் விட்டான். இரு நண்பரையும் சான் மார்கோவிலே புதைத்தனர். அங்கே மடத்தலைவனாய் இருந்தவன் சவோனரோலா. கோசிமோ பாவம் அஞ்சி எடுத்த மடத்திலிருந்தே, அக்குடியின் பாவத்தைச் சாடும் குரல் புறப்பட்டது. 1497 பிப்ரவரி 7-ஆம் நாள் நகர்மன்ற வெளியில் யாழும் கண்ணாடியும் முகமூடியும் நூலும் ஓவியமும் மலைபோற் குவித்து எரித்தனர். மறு ஆண்டு மே 23-ஆம் நாள் அதே வெளியில் சவோனரோலாவையும் தூக்கிலிட்டு எரித்தனர். சாம்பல் ஆர்னோவிற் சேர்ந்தது. அளியதே அந்த ஆறு! பகைவர் பிணமும் துறவியின் சாம்பலும் பேதமின்றி ஏந்திற்று.

சிதறியவற்றை யார் எண்ணுவார்? மெடிசியர் மனையில் நின்ற டொனாடெல்லோவின் வெண்கலத் தாவீதையும் யூதித்தையும் நகர்மன்றத்துக்குக் கொண்டுபோயினர். கொடுங்கோலைக் கொய்த பெண்ணின் வாள், கொடுத்தவர் மனைக்கே எதிராய் ஓங்கி நின்றது. லொரென்சோ இறந்தபின் எழுதிய மனைப்பொருள் நிரலில் 10,000 ஃபுளோரின் என மதிப்பிட்ட மணிக்கல் வட்டில் இன்று நேப்பிள்சில். அவன் படுக்கையறையில் நிரையாய் நின்ற உச்செல்லோவின் போர்க்களப் பலகை மூன்றும், ஒன்று லண்டனில், ஒன்று பாரிசில், ஒன்று புளோரன்சில். ஒரே போர் மூன்று நாட்டில் நடக்கிறது. 1434 முதல் 1471 வரை கட்டடத்துக்கும் அறத்துக்கும் வரிக்குமாகத் தன் குடி செலவிட்டது 6,63,755 ஃபுளோரின் என்றும், அச்செலவுக்குத் தான் வருந்தவில்லை என்றும் லொரென்சோ எழுதி வைத்தான். அத்தொகையை இன்று திரட்டித் தருவார் உண்டு. வருந்தாமல் தருவார் எத்தனை பேர்?

அவன் உறங்கும் இடம் காணச் சான் லொரென்சோவின் புதிய பூசைப்பொருள் அறைக்குள் புகுதல் வேண்டும். மைக்கலாஞ்சலோ செதுக்கிய பகலும் இரவும், வைகறையும் அந்தியும் அங்கே கல்லணைமேற் சாய்ந்து கிடக்கின்றன. பெருமித நினைவுச்சின்னம் இரண்டு. இரண்டும் இரு சிறு கோமகனார்க்கு. ஒருவன் படிக்கட்டில் ஏறிவந்த அந்த இளையவன், 1516-இல் இறந்தவன். மற்றவன் மூத்தவன் பியேரோவின் மகன், 1519-இல் இறந்தவன். வாயிலுக்கு எதிர்ச்சுவரின் அடியில், அன்னையும் சேயும் வீற்றிருக்க, குடிகாக்கும் மருத்துவப் புனிதர் கொஸ்மாசும் தமியானும் இருமருங்கும் நிற்க, அலங்காரமற்ற பெட்டகம் ஒன்று. அதனுள்ளே லொரென்சோவும், 19 காயம் பட்ட தம்பியும். அவர்க்கென எண்ணிய சின்னம் எழும்பவே இல்லை. 1529-30-இல் மெடிசியரை மீண்டும் அமர்த்தும் பொருட்டு நகர் முற்றுகையிடப்பட்டபோது, மதில் காக்கும் பணி ஏற்று அக்குடியின் எதிரே நின்றவனும் அதே சிற்பி. நகர் வீழ்ந்தபின் அவ்வறையின் கீழிருந்த நிலவறையில் பதுங்கியிருந்தான் என்பர். அங்குக் கரித்துண்டால் தீட்டிய உருவங்கள் சுண்ணத்தின் கீழ் மறைந்திருந்து 1975-இல் வெளிப்பட்டன. 1534-இல் பணியைக் குறையாய் விட்டு ரோமாபுரி போனவன், உயிரோடு மீளவில்லை. தன்னை வளர்த்தவனுக்கு எடுக்காத சின்னத்தை, வளர்த்தவனின் நகரைக் கவர்ந்த குடிக்கு எடுக்க நேர்ந்த கைகள் அவை. அளியவே அக்கைகள்!

அதன்பின் அக்குடி மகுடம் சூடிற்று. தஸ்கனிப் பெருங்கோமகனார் என்றாயிற்று. அவரும் ஓவியம் தொகுத்தார், மாளிகை எடுத்தார், கலிலியோவை அவையில் வைத்தார். 1633-இல் அவனைத் திருச்சபை மன்றில் நிறுத்தியபோது காக்கவும் மாட்டாராயினார். ஆள்வோர் ஆகியபின் அவர் எவர்க்கும் கணக்குச் சொல்லவில்லை, எதற்கும் நாணவில்லை. பச்சைத் துணி விரித்த மேசையை மறந்த நாளே அக்குடியின் மாலைப்பொழுது. எஞ்சியது இருட்ட ஆன நேரம்.

1737-இல் கடைசிக் கோமகன் ஜியான் கஸ்தோனே மகவின்றி மாண்டான். ஆட்சியை ஐரோப்பிய வல்லரசுகள் லொரேன் குடியார்க்குக் கொடுத்திருந்தன. எஞ்சியவள் அவன் தமக்கை ஆன்னா மரியா லூயிசா; ஜெர்மானியக் கோமகனுக்கு வாழ்க்கைப்பட்டு, கணவனை இழந்து, 1717-இல் தாய்நகர் மீண்டவள்; பிள்ளை இல்லாதவள். நாடு கேட்டிலள்; மகுடம் கேட்டிலள். தம்பி மாண்ட 1737-ஆம் ஆண்டிலேயே அக்டோபர் 31-ஆம் நாள் புதிய ஆட்சியாளரோடு ஓர் உடன்படிக்கை எழுதினாள். தன் முன்னோர் தொகுத்த ஓவியம், சிற்பம், சுவடி, மணி யாவும் நாட்டின் அணியாகவும், மக்களின் பயனாகவும், அயலார் வந்து காணும் பொருளாகவும் இருத்தல் வேண்டும்; அவற்றுள் ஒன்றும் தலைநகரை விட்டுப் பெயர்க்கப்படலாகாது. குடியின் பேரேட்டில் கடைசியாக ஏறிய பதிவு அதுவே. 1743 பிப்ரவரி 18-ஆம் நாள் அவள் இறந்தாள். அவளோடு குடியும் இறந்தது. 1769-இல் உஃபிசி காட்சிக்கூடம் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது.